பருப்பு போன இடத்தில் சோறு வந்து உட்கார்ந்தது

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, நான் வீகனாக (பால், நெய்கூடத் தொடாத சைவமாக) மாறி இரண்டு வருடம் ஆகிறது. வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. மாறும்போது 72தான் இருந்தேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, சோயா பால் எதுவும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அரைவயிறுதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் எடை ஏறுகிறது. இன்னும் எதை நிறுத்த வேண்டும்?" கூடவே ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறார்.

இனி எதையும் நிறுத்தாதீர்கள், தங்கச்சி. நிறுத்தியதில்தான் சிக்கலே தொடங்கியிருக்கிறது. முதலில் பருப்பு, தௌக்வா (கெட்டித் தோஃபு), தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) மூன்றையும் உங்கள் வயிறு தாங்குகிற அளவில் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். எண்ணெய், தேங்காய்ப்பால், சோறு குறைவதெல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையை மாற்றிப் பட்டினி கிடந்து எடையை இறக்கினால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும், ஆறு மாதத்தில் எடை திரும்ப வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும். நான் பினாங்கில் இருபது வருடத்துக்கு மேலாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். 2011இல் பாலையும் நெய்யையும் விட்டேன். வெங்காயம் எனக்கும் ஆகாது. நீங்கள் போன வழியில் நானும் ஒரு வருடம் போய், முடி கொட்டி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் திரும்பி வந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் குறிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் புட்டு, நாட்டுச் சர்க்கரை, நன்றாகப் பழுத்த பீசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டு. மதியம் வேலையிடத்துக்குக் கொண்டுபோகும் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், கெட்டிப்பாலில் செய்த சொதி. நாலு மணிக்கு மரவள்ளிக் கெரிப்பெக் (சிப்ஸ்) ஒரு பாக்கெட். இரவு மறுபடியும் சோறு, மீதிச் சொதி, அப்பளம். "அரைவயிறு" என்று நீங்கள் சொல்வது உண்மைதான், தட்டில் பார்த்தால் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் அரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் சுமார் 250 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. உருளைக்கிழங்கு வறுவல் எத்தனை கரண்டி எண்ணெயைக் குடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாம் கூட்டினால் நாளுக்கு 2,100 கலோரியை ஒட்டி வருகிறது. உங்கள் உயரம், வயது, உட்கார்ந்து செய்யும் வேலை இவற்றுக்குச் செலவாவது ஏறக்குறைய 1,950. எடை ஏறியதற்கு இந்த வித்தியாசமே போதும்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது புரதக் கணக்கு. நாளுக்கு முப்பது கிராம்தான் வருகிறது. நீங்கள் எடை குறைக்கும்போது அது 65 முதல் 75 கிராமாவது இருக்க வேண்டும். வீகன் உணவில் புரதம் பெரும்பாலும் வருவது பருப்பிலிருந்தும் சோயாவிலிருந்தும்தான். அந்த இரண்டும் தட்டைவிட்டுப் போன பிறகு, பசியைத் தணிக்கிற வேலையைச் சோறும் எண்ணெயும் எடுத்துக்கொண்டன. புரதம் குறைந்த சாப்பாடு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். நாலு மணிக்குக் கை கெரிப்பெக் பாக்கெட்டைத் தேடுவதற்குக் காரணம் அதுதான். அதை மன உறுதி இல்லை என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது அந்த ரத்தப் பரிசோதனை. சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, நாற்பது உணவுக்குச் சிவப்புக் குறி போட்ட அட்டவணை ஒன்றை வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கும் சோதனை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறவருக்கு அந்த உணவின் ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு, உடம்பு அதைப் பழகிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008லேயே இந்தச் சோதனையை வைத்து உணவை விலக்கக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க, கனடிய மருத்துவ அமைப்புகளும் அதையே சொல்கின்றன. அந்த அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். சிவப்பில் இருக்கும் நாற்பதில் உங்களுக்கு நிஜமாகவே வயிறு உப்பியவை ஐந்தோ ஆறோதான். அவற்றை மட்டும் பார்ப்போம்.

அலர்ஜி வேறு, வயிறு ஒத்துக்கொள்ளாதது வேறு. நிலக்கடலை தின்றதும் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடித்துப் போவது, மூச்சுத் திணறுவது இவை அலர்ஜி. அங்கே ஒரு துணுக்குகூட ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு நடப்பது சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்புவது, வாயு, இழுத்துப் பிடிக்கிற வலி. இது அளவைப் பொறுத்தது. ஒரு குவளை தாங்காத வயிறு இரண்டு கரண்டியைத் தாங்கும். இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கோதுமைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. செலியாக் என்ற நோய் இருப்பவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் சிறுகுடலையே அரிக்கும். அவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரு துளியும் தொடக் கூடாது. நம் ஊரில் அது பரவலாக இல்லை, ஆனாலும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கான டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நீங்கள் நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், சில வாரம் திரும்பச் சாப்பிட்டு எடுப்பதா என்பதை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம், காரணம் தெரியாமல் எடை இறங்குவது, ராத்திரி தூக்கத்தை எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வாரக்கணக்கில் இறங்காமலே நிற்கும் உப்புசம் இவற்றில் ஏதாவது இருந்தால் சாப்பாட்டைப் பற்றி யோசிக்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஓயாத உப்புசம் சினைப்பைக் கோளாறாகவும் இருக்கலாம். அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், தள்ளிப்போட வேண்டாம்.

இனி வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. பருப்பு, கடலை, முழு சோயாவில் காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்று இன்னொன்று. இவற்றைச் செரிக்கும் நொதி எந்த மனிதனுக்கும் கிடையாது. எல்லோருக்குமே அவை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகள் தின்று, வாயு உண்டாகிறது. ஒருவருக்கு அது தெரியாமலே போகிறது. குடல் நரம்புகள் கூர்மையாக இருப்பவருக்கு அதே வாயு வலியாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட சர்க்கரைகளுக்கெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்து, எந்த உணவில் எவ்வளவு என்று அளந்து பட்டியல் போட்டவர்கள் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தார். 2005இல் வந்த சொல் அது. இந்த முறையைப் பலரும் வாழ்நாள் பத்தியமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதில் மூன்று படி இருக்கிறது: இரண்டு முதல் ஆறு வாரம் விலக்குவது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் தாங்குகிற அளவு எது என்று கண்டுபிடித்து அதோடு வாழ்வது. நீங்கள் முதல் படியிலேயே ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டீர்கள். அதில் நெடுநாள் நின்றால் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது எடை குறைக்கும் பத்தியமும் அல்ல. வீகனாக இருப்பவருக்கு முழுப் பட்டியலையும் விலக்கச் சொல்லி நான் ஒருபோதும் எழுதிக் கொடுப்பதில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றை மட்டும் நாலு வாரம் ஒதுக்கி வைத்தாலே பெரும்பாலானோருக்கு வயிறு அமைதியாகிவிடுகிறது.

வெங்காயம் பூண்டு இல்லாமல் எப்படிச் சமைப்பது, மாமியார் என்ன சொல்வார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமியாருக்கு இது நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். கந்த சஷ்டி விரதத்துக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காமல் ஆறு நாள் சமைக்கிற வீடுகள் எத்தனை! இஞ்சி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு அவர்கள் வைக்கிற ரசமும் கூட்டும்தான் உங்களுக்கு வேண்டியது. "விரதச் சமையல் மாதிரி செய்து கொடுங்கள் அத்தை" என்று கேட்டுப் பாருங்கள். ஃபாட்மேப் என்று சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம். வீட்டில் மற்றவர்களுக்கு வெங்காயம் வேண்டுமென்றால், குழம்பை வெங்காயம் இல்லாமல் வைத்து, உங்கள் பங்கை எடுத்த பிறகு தனியாக வதக்கிக் கொட்டிக்கொள்ளட்டும். குழம்பில் வெந்த சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். அதில் பயனில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், வெங்காயத்தை எடுத்தாலும் அது குழம்பில் இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டுப் பற்களை எண்ணெயில் சிறு தீயில் சிவக்க விட்டு, பற்களை முழுதாக எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். மணம் முழுக்க இருக்கும், வயிறு சும்மா இருக்கும். அந்த எண்ணெயை அடுப்படியில் வைத்துச் சேமிக்கக் கூடாது, நச்சுக் கிருமி வளரும். அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் உங்களுக்கு ஆகும், வெள்ளைப் பகுதியில்தான் ஃப்ரக்டான். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், செலியாக் இருப்பவர்கள் மட்டும் அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்க வேண்டும்.

சோயாவுக்கு வருகிறேன். சோயா பால் குடித்தால் வயிறு உப்புகிறது, அதனால் தௌக்வாவையும் தெம்பேயையும் தொடுவதில்லை என்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் இழந்தது மிக அதிகம். முழு சோயாவை அரைத்துக் காய்ச்சிய பாலில் அந்தச் சர்க்கரைகள் அப்படியே இருக்கும். பாசாரில் விற்கும் தண்ணி சோயாவும் அப்படித்தான், சீனி வேறு. தௌக்வா செய்யும்போது பாலை உறைய வைத்துப் பிழிகிறார்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரை அந்தப் பிழிந்த நீரோடு போய்விடுகிறது, புரதம் கட்டியில் தங்குகிறது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது. வழவழவென்று குழையும் தௌஃபுவில் நீர் பிழியப்படாததால் அது உங்களுக்கு ஆகாது, இனிப்புப் பாகு ஊற்றித் தரும் தௌ ஹுவாவும் அப்படியே. தெம்பேயில் ஊறவைத்து வேகவைத்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள், பிறகு பூஞ்சை நொதிக்கும்போது மிச்சச் சர்க்கரையையும் தின்றுவிடுகிறது. 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் புரதம், சுமார் 190 கலோரி. 100 கிராம் தௌக்வாவில் 13 கிராமை ஒட்டிப் புரதம். நம் ஊர் எந்தப் பாசாரிலும் வாழை இலையில் மடித்த தெம்பே மீனைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஜாவாக்காரர்கள் சாப்பாடு என்று நம் வீடுகளில் அதை ஒதுக்கி வைத்தது பெரிய நஷ்டம். பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, மஞ்சள் தூள், மிளகு, சீரகம் தடவி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலையோடு பிரட்டிப் பாருங்கள். கசப்பு ஆவியில் போய்விடும். என் வீட்டில் இதற்குத்தான் முதலில் கை நீளும்.

பருப்பை இப்படித் திரும்பக் கொண்டுவாருங்கள். முதலில் இட்லி. உளுந்து அதில் குறைவு, ராத்திரி முழுக்கப் புளிக்கும்போது வாயுச் சர்க்கரையில் ஒரு பங்கும் குறைகிறது. மூன்று இட்லியில் தொடங்குங்கள். அது நாலைந்து நாள் பிரச்சினை செய்யாவிட்டால் பாசிப்பருப்பு. ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி மட்டும். மூன்று நாளில் நாலு கரண்டி வரை ஏற்றுங்கள். பிறகு இரண்டு நாள் விட்டுத் துவரை. ஒரு சமயத்தில் ஒரு பருப்பு மட்டும், இல்லையென்றால் எது குற்றவாளி என்று தெரியாது. உப்பினால் பயந்து மொத்தமாக நிறுத்தாமல் பாதி அளவுக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை எல்லாம் கடைசியில் பார்க்கலாம். அவசரமில்லை. ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்ற நொதி மாத்திரை மருந்தகங்களில் விற்கிறார்கள். பருப்புச் சாப்பாட்டின் முதல் வாயோடு அதை விழுங்கினால் வாயு குறையும். வெங்காயத்துக்கு அது வேலை செய்யாது. உறை ஜெலட்டினா என்று லேபிளில் பாருங்கள், ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது.

இந்தப் படி நிலைத்து மூன்று நாலு வாரம் ஆன பிறகு எடைக் கணக்கைத் தொடங்கலாம். நம் மலேசியச் சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு-செப்பாரு (கால்-கால்-அரை) தட்டை நீங்கள் கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய்கறியும் பழமும். அதில் மீன், கோழி இருக்கும் காலுக்குள் தௌக்வாவோ தெம்பேயோ பருப்போ வரட்டும். காலையில் மூன்று இட்லி, அதோடு மஞ்சள் மிளகு போட்டு உதிர்த்து வதக்கிய தௌக்வா 100 கிராம். மதியம் ஒரு கிண்ணம் சோறு, 100 கிராம் தெம்பே வறுவல், ரசம், வெண்டைக்காயோ பீன்ஸோ கேரட்டோ இரண்டு பங்கு. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையும் பழுத்த ஜாம்பு பத்துவும் (கொய்யா). இரவு தௌக்வா, சாவிக் கீரை, தௌகே (பயறு முளை) போட்ட மீஹூன் (அரிசிச் சேமியா) சூப். இது 70 கிராம் புரதம், 1,500 கலோரியை ஒட்டி வரும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். அதற்குமேல் வேகம் வேண்டாம்.

எண்ணெயைப் போத்தலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாதீர்கள், கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். உங்கள் பங்குக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். சொதி வேண்டுமா, வாரத்தில் ஒரு நாள் வையுங்கள், அதுவும் இரண்டாம் பாலில். கெட்டிப்பால் கூடினால் கலோரி மட்டுமல்ல, வயிறும் உப்பலாம். பழத்திலும் கவனம் வேண்டும்: நன்றாகப் பழுத்துப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தில் ஃப்ரக்டான் கூடிவிடும், கெட்டியாக இருக்கும்போது குறைவு. மாம்பழமும் தர்ப்பூசணியும் உப்ப வைக்கும். பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சு, டிராகன் பழம் தைரியமாகச் சாப்பிடலாம்.

வெளியே சாப்பிடும்போது நம் கடைகளில் "சைவம்" என்று எழுதியிருப்பதை நம்பி வீகன் உட்கார முடியாது என்பது உங்களுக்கே தெரிந்தது. நெய், தயிர், பால் எல்லாம் சைவத்துக்குள் அடக்கம், வெங்காயமும் தாராளம். உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பவை பினாங்கு முழுக்க இருக்கும் சீனர்களின் பௌத்த சைவக் கடைகள். வெங்காயம், பூண்டு உள்ளிட்ட ஐந்து கார மணப் பொருள்களை அவர்கள் மத நம்பிக்கையால் சேர்ப்பதே இல்லை. உங்கள் வயிற்றுக்கென்றே சமைத்தது போல இருக்கும். ஒன்பது பேரரசர் திருவிழா நாள்களில் ஜார்ஜ்டவுனில் தெருவுக்குத் தெரு இந்தக் கடைதான். பார்த்துக்கொள்ள வேண்டியவை மூன்று. கோழி, வாத்து மாதிரி செய்த போலி இறைச்சியில் பெரும்பாலும் கோதுமைப் புரதம் இருக்கும், சிலவற்றில் முட்டைவெள்ளையும் பாலும் கலந்திருக்கும். குழம்புகளில் ஷிட்டாக்கே காளான் நிறைய, அதன் சர்க்கரை வேறு வகையில் உப்ப வைக்கும், சிப்பிக் காளான் பரவாயில்லை. மூன்றாவது, எல்லாவற்றையும் பொரித்து வைத்திருப்பார்கள். கீரை, தௌக்வா, தௌகே மூன்றைத் தட்டில் போட்டு, குழம்பு ஊற்றாமல் தாப்பாவ் (பொட்டலம்) செய்துகொள்ளுங்கள். மாமாக் கடையில் தோசை கேளுங்கள், சாம்பாரை விட்டுத் தேங்காய்ச் சட்னி கொஞ்சம், அதுவும் தயிர் சேர்க்காததா என்று கேட்டுக்கொண்டு. ரொட்டி சானாய் ஒன்றில் 300 கலோரி, கோதுமை, பெரும்பாலும் நெய்யோ மார்ஜரினோ, சில கடைகளில் பாலும்கூட. அது மூன்று வகையிலும் உங்களுக்கு ஆகாது.

இனி பி12. இதில் நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன். தாவர உணவில் நம்பக்கூடிய பி12 கிடையாது. தெம்பேயில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். குறைந்தால் முதலில் களைப்பு, பிறகு கால் மரத்துப்போவது, மறதி, கடைசியில் நரம்பு திரும்பாத அளவுக்குக் கெடும். கீரை நிறையச் சாப்பிடுவோருக்கு ஃபோலேட் கூடுதலாக இருப்பதால் ரத்த அணுச் சோதனையில் இந்தக் குறை மறைந்தும் போகும். தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்தில் ஒரு நாள் 2,000 மைக்ரோகிராம் மாத்திரை எடுங்கள். இரண்டு வருடமாக எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இந்த வாரமே ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதே ஊசிக்குத்திலேயே ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), ஹீமோகுளோபின், வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எடையும் ஏறும், வயிறும் அடைக்கும், சாப்பாட்டின் மேல் பழி விழும்.

இரும்புச்சத்துக்கு முருங்கைக் கீரை, கீரை, எள், தெம்பே. அவற்றோடு ஜாம்பு பத்துவோ எலுமிச்சையோ சேர்ந்தால் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தால் அதைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சீனி இல்லாமல் கோசோங்காக. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு நல்லது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, குளூட்டனும் இல்லை. புட்டு விடமுடியவில்லை என்றால் கேழ்வரகுப் புட்டாக ஆக்கி, சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

இலக்கு எவ்வளவு என்று கேட்டீர்கள். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது, 27.5இல் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் வகுத்தார்கள். உங்களுடையது 31. ஆனால் 23ஐ நினைத்து இப்போதே மலைக்க வேண்டாம். நாலு கிலோ இறங்கினாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கேட்கத் தொடங்கும், எட்டு கிலோ இறங்கினால் நன்றாகவே தெரியும். 2023 தேசியச் சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையிலோ உடல் பருமனிலோ இருந்தார்கள், இது உங்கள் ஒருவருடைய குற்றம் அல்ல. தராசை வாரத்துக்கு ஒரு நாள் காலையில் பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து எழுதிவையுங்கள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே வர வேண்டும். சில மாதம் தராசு நகராது, இடுப்பு நகரும்.

நடை, வாரத்தில் 150 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் வாயுவும் கலையும். அதைவிட முக்கியம் சதையைக் காப்பது: வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலைத் தூக்கி இறக்குவது. தீவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படியை நின்று நின்று ஏறுங்கள். முழங்கால் வலித்தால் பாதியில் திரும்பிவிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாகத் தீபாவளி முறுக்கு. அரிசி மாவும் உளுந்து மாவும்தான் அதில், வெண்ணெய்க்குப் பதில் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் வீகனாகிவிடும், பெருங்காயம் ஒரு சிட்டிகை. கடலை மாவு கூடுதலாகப் போட்டால்தான் உங்களுக்கு உப்பும். இரண்டு முறுக்கைத் தட்டில் எடுத்து வைத்து, டப்பாவை மூடிவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.